கரியாத்தா கரடியின் மினுக்கு முடி

கரியாத்தா என்ற கரடி ஒரு கறையான் புற்றைத் தோண்டிக்கொண்டிருந்தது. முதுகு அரித்தது. கையைப் பின்னால் விட்டு ஒரு சொறி சொறிந்தது. கையை எடுத்துப் பார்த்தால், நகத்திடுக்கில் கொத்தாக முடி!

கரியாத்தாவுக்கு நெஞ்சு திக்கென்றது. இந்தப் பக்கம் பார்த்தது. அந்தப் பக்கம் பார்த்தது. வெளியார் யாரும் இல்லை. சட்டென்று அந்த முடியைப் புற்று மண்ணுக்குள் போட்டு, மேலே மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து மூடிவிட்டது.

சற்றுத் தள்ளி அதன் மகள் குண்டுமணி ஈச்சம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தது. பிறந்து ஆறு மாதம்கூட ஆகாத குட்டி.

"என்னம்மா பண்றே?" என்று கேட்டது.

"ஒண்ணுமில்லடி. எறும்பு."

முடி கொட்டினால் கொட்டிவிட்டுப் போகிறது, இதில் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறதே! கரடிக்கு முதுகு முடி வெறும் அழகுக்கு இல்லை. குட்டிக்குத் தொட்டிலும் அதுதான், வண்டியும் அதுதான். தாயின் முதுகில் ஏறி, தோள் முடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் குட்டி காடு மேடெல்லாம் போகும். புலி துரத்தினாலும் சரி, ஆற்றில் இறங்கினாலும் சரி, அந்தப் பிடிதான் குட்டிக்கு உயிர்.

கரியாத்தா ஒளித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை நினைத்தால் அதற்கே முகம் சிறுத்துப்போகும்.

போன வருஷம் பக்கத்துக் குகை வேலாயிக்கு உடம்பெல்லாம் சொறி வந்தது. பாவம், முதுகு முடி முழுக்க உதிர்ந்துவிட்டது. ஒருநாள் எல்லா விலங்குகளும் ஓடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது வேலாயி தலையைக் குனிந்தபடி வந்தது. அப்போது கரியாத்தாவின் முடி முழங்கால்வரை புரண்டுகொண்டிருந்த காலம். வாய் சும்மா இருக்குமா?

"அடியே, எல்லாரும் இங்க பாருங்க! வேலாயி அக்கா முதுகு வெள்ளரிக்காய் மாதிரி ஆயிடுச்சு! இனிமே பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டாம், சொட்டைன்னு கூப்பிட்டாலே போதும்!"

ஓடைக்கரையே சிரித்தது. குரங்குகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. அன்றிலிருந்து வேலாயிக்குச் சொட்டை என்றே பெயராகிவிட்டது. நேற்று முட்டையை விட்டு வந்த காக்கைக் குஞ்சுகூட "சொட்டை போகுது, சொட்டை போகுது" என்றது. அதற்குப் பிறகு எல்லாரும் வரும் நேரத்தில் வேலாயி ஓடைக்கு வருவதே இல்லை.

இப்போது கரியாத்தாவின் முறை வந்திருக்கிறது.

ஏன் கொட்டுகிறது என்று அதற்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். முன்பெல்லாம் காலையில் ஓடையில் முங்கி எழும். உடம்பை உதறி, இளவெயிலில் நின்று ஈரம் காய்ந்த பிறகுதான் அடுத்த வேலை. வேங்கை மரத்தில் முதுகை மெல்லத் தேய்த்து அழுக்கை எடுக்கும். ஒட்டிய முள்ளையும் புல்லையும் பொறுமையாக நீக்கும். குண்டுமணி பிறந்த பிறகு அலுப்பு வந்துவிட்டது. 'இன்னிக்கு ஒருநாள் தானே' என்று விட்டது. மறுநாளும் இன்னிக்கு ஒருநாள் தானே! ஈரத்தோடு புழுதியில் படுத்தது. முடியில் முள் சிக்கினால் வெடுக்கென்று பிடுங்கி எறிந்தது. பாதி நாள் தேனடையை நக்கிவிட்டு, அதுவே சாப்பாடு என்று தூங்கியது.

வேலாயியைக் கேட்டால் வழி சொல்லும். அதன் முதுகில்தான் இப்போது முடி மறுபடி அடர்ந்து வந்திருக்கிறதே! ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? கரியாத்தாவுக்கு நினைக்கும்போதே காது மடல் சுட்டது. அதனால் யாருக்கும் தெரியாமல் புனுகுப்பூனையைத் தேடிப் போனது.

புனுகுப்பூனையின் பெயர் சவ்வாது. மேனியெல்லாம் மணம். பேச்சில் அதைவிட மணம்.

"அடடா, வாங்கக்கா! முடியா? இதுக்கா இவ்வளவு கவலை? என்கிட்ட ஒரு பூச்சு இருக்கு. வேங்கைப் பிசின், கொஞ்சம் தேன், அப்புறம் நம்ம வாசனை. ஒருதரம் பூசினா மினுமினுன்னு நிக்கும்!"

"முடி வளருமா?"

"பாக்கறவங்க கண்ணுக்கு வளர்ந்த மாதிரியே இருக்கும். ஆனா ஒண்ணு. குளிக்கக் கூடாது. மரத்துல தேய்க்கக் கூடாது. முள்ளு, புல்லு எது ஒட்டினாலும் கிளறக் கூடாது. மூணு நாளைக்கு ஒருதரம் எனக்கு ஒரு தேனடை வந்தாப் போதும்."

குளிக்க வேண்டாம், தேய்க்க வேண்டாம் என்றதும் கரியாத்தாவுக்கு வாயெல்லாம் பல். அங்கேயே முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டது. சவ்வாது தன் சின்னக் கைகளால் பூசு பூசென்று பூசியது.

மறுநாள் ஓடைக்கரையில் பார்க்க வேண்டுமே! வெயில் பட்ட இடமெல்லாம் கரியாத்தா மின்னியது.

"கரியாத்தா, என்ன மினுக்கு! என்ன வாசனை! எப்படிம்மா இப்படி?" என்று மான் கேட்டது.

"எங்க பரம்பரையே இப்படித்தான்" என்றது கரியாத்தா. கூசாமல் சொன்னது. உள்ளுக்குள் மட்டும் கூசியது.

நாள் போகப் போக பூச்சின் அடியில் தோல் வெந்தது. எறும்பு ஊர்ந்தது. முடியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளம் பாளமாக நின்றது. கரியாத்தா பல்லைக் கடித்துக்கொண்டு, சொறியாமல், சிரித்த முகமாக நடந்தது. ராத்திரியில் அரிப்பு தாங்காமல் குகைச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு கிடக்கும். குண்டுமணி கண்ணைத் திறந்து பார்த்தால், "தூங்குடி" என்று அதட்டும்.

"அம்மா, கை ஒட்டுதும்மா" என்று குட்டி இரண்டு மூன்று தடவை சொன்னது.

"ஒட்டினா நல்லதுதானே, விழமாட்டே!" என்று குட்டியின் வாயை அடைத்துவிட்டது கரியாத்தா.

ஒருநாள் பாறை ஏறும்போது குண்டுமணி பொத்தென்று கீழே விழுந்தது. நல்லவேளை, அடியில் சருகு. எல்லாரும் ஓடி வந்தார்கள். கரியாத்தாவுக்கு உயிரே போய்விட்டது. குட்டிக்கு அடிபட்டதா என்ற பயம் பாதி. முதுகில் எந்த இடத்தில் பொட்டலாகிவிட்டதோ, யார் பார்த்தார்களோ என்ற பயம் மீதி. அந்தப் பயத்தில் குட்டிமேல் பாய்ந்தது.

"பிடிக்கக்கூடத் தெரியாதா உனக்கு? இத்தனை பேர் முன்னாடி மானத்தை வாங்கறியே! எந்த வீட்டுக் குட்டியாவது இப்படி விழுமா?"

குண்டுமணி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டது. "இனிமே கெட்டியாப் பிடிச்சுக்கறேம்மா" என்று மட்டும் சொன்னது.

கூட்டத்தின் ஓரத்தில் வேலாயி நின்றிருந்தது. குட்டியின் கையைப் பார்த்தது. கரியாத்தாவின் தோளைப் பார்த்தது. எல்லாரும் கலைந்த பிறகு மெல்லக் கிட்டே வந்தது.

"கரியாத்தா, கொஞ்சம் தனியா வாம்மா. முடியைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும்."

தெரிந்துவிட்டது! இவளுக்குத் தெரிந்துவிட்டது! கரியாத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. வாயில் வந்தது என்ன தெரியுமா?

"முடியைப் பத்தி நீ சொல்லி நான் கேக்கணுமா? போ சொட்டை, உன் வேலையைப் பாரு!"

வேலாயி "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. அது போன பிறகு கரியாத்தாவால் ஒரு வாய் தின்ன முடியவில்லை. ஓடிப்போய்க் கூப்பிடலாமா என்று எழுந்தது. பிறகு உட்கார்ந்துகொண்டது.

ஆனி மாதம் பிறந்தது. ஆற்றுக்கு அக்கரையில் நாவல் பழுத்துவிட்டது என்று குரங்குகள் சேதி கொண்டுவந்தன. வருஷா வருஷம் அந்த நேரத்தில் கரடிகள் எல்லாம் ஆற்றைக் கடந்து போகும். இக்கரையில் தின்ன ஒன்றும் மிஞ்சாது. மலையில் மழை பிடித்துவிட்டதால் ஆற்றில் புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் தாமதித்தால் கடக்கவே முடியாது.

ஆற்றங்கரையில் குண்டுமணி முதுகில் ஏறமாட்டேன் என்று நின்றது.

"நீ போயிட்டு வாம்மா. நான் இந்த மரத்துமேல உக்காந்துக்கறேன்."

"பைத்தியமா உனக்கு? புலி வந்தா?"

"அப்ப காதைப் பிடிச்சுக்கட்டுமா?"

"காதைப் பிடிச்சா நான் எப்படி நீந்தறது! முடியைப் பிடிடி, எல்லாக் குட்டியும் பிடிக்கற மாதிரி!"

குண்டுமணி முதுகில் ஏறியது. கரியாத்தா தண்ணீரில் இறங்கியது.

பிசினுக்குத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும்? இளகும். பாளத்தைப் பிடித்து வைத்திருந்தது பிசின்தான். வேர் எப்போதோ விட்டுப்போயிருந்தது. நட்டாற்றில், இழுப்பு பலமாக இருந்த இடத்தில், கரியாத்தாவின் முதுகில் ஏதோ உரிந்தது. அடுத்த நொடி முதுகுப் பாரம் குறைந்தது.

"குண்டுமணி!"

பதில் இல்லை. செந்தண்ணீரில் ஒரு கறுப்புத் தலை முங்கி, எழுந்து, மறுபடி முங்கியது.

"ஐயோ, என் பிள்ளை போகுதே! யாராவது பிடிங்களேன்!"

ஆற்றோட்டத்தில் பத்தடி கீழே வேலாயி நீந்திக்கொண்டிருந்தது. குரல் கேட்டதும் குறுக்கே பாய்ந்தது. ஒருதரம் தவறவிட்டது. இரண்டாவது தரம் குட்டியின் பிடரியை வாயால் கவ்விவிட்டது. இழுப்போடு மல்லுக்கட்டி, பாறையில் மோதி, அக்கரை ஏறி, குட்டியை மணலில் கிடத்தியது.

கரியாத்தா எப்படிக் கரை சேர்ந்தது என்று அதற்கே தெரியாது. குண்டுமணி இருமியது. தண்ணீரைக் கக்கியது. கண்ணைத் திறந்தது. கைகள் இரண்டும் மட்டும் மூடியபடியே இருந்தன.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஆற்றின்மேல் சாய்ந்த ஒரு கிளை வழியாகக் குரங்குகளும் சவ்வாதும் முன்னமே வந்து சேர்ந்திருந்தன. பூனையும் குரங்கும் வரலாம், கரடி ஏறினால் ஒடிந்துவிடும் அந்தக் கிளை.

"என்ன ஆச்சு? குட்டி பிடியை விட்டுடுச்சா?" என்று முன்னமே நீந்தி வந்திருந்த மான் கேட்டது.

கரியாத்தா வாயைத் திறக்கும் முன்னால் குண்டுமணி சொன்னது: "ஆமா. நான்தான் விட்டுட்டேன். அம்மா முடி நல்ல முடிதான்."

கரியாத்தா மெல்லக் குனிந்து குட்டியின் ஒரு கையைப் பிரித்தது. குட்டி பிரிக்க விடவில்லை. "வேணாம்மா, எல்லாரும் இருக்காங்க" என்று காதருகே முணுமுணுத்தது. கரியாத்தா பிரித்தது. உள்ளங்கையில் பிசினும் முடியும் தோலுமாக ஒரு கொத்து. இன்னொரு கையைப் பிரித்தது. அதிலும் ஒரு கொத்து. குட்டி பிடியை விடவே இல்லை.

"முன்னாடியும் இப்படிக் கையோட வந்துச்சாடி?"

"வந்துச்சு."

"அதையெல்லாம் என்ன பண்ணினே?"

"மண்ணுக்குள்ள போட்டு மூடிட்டேன். நீ மூடினியே, அந்த மாதிரி. யாராவது பாத்தா உனக்கு வெக்கமா இருக்குமே."

அந்த ஆற்று வெள்ளம் தன்னை அடித்துக்கொண்டு போயிருக்கக் கூடாதா என்றிருந்தது கரியாத்தாவுக்கு. பெற்ற பிள்ளை தன் மானத்தைக் காப்பாற்ற உயிரையே விடப் பார்த்திருக்கிறது. அதைத்தானே ஊர் முன்னால் நிற்கவைத்துத் திட்டினோம்! கரியாத்தா கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. எழுந்தது. எல்லாருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றது.

"நல்லாப் பாத்துக்குங்க. என் முடி கொட்டி ரெண்டு மாசமாச்சு. பிசினைப் பூசி மறைச்சேன். என் பிள்ளை விடலை. என் முடிதான் அது கையோட வந்துடுச்சு. பொய் சொன்னது நான்."

மரத்திலிருந்து ஒரு குரங்கு கிக்கீ என்று சிரித்தது. "அட, சொட்டை ரெண்டாயிடுச்சு!"

கரியாத்தாவுக்கு அந்தச் சிரிப்பு முதுகில் சுள்ளென்று இறங்கியது. போன வருஷம் இதே சிரிப்பைத் தான்தான் கிளப்பிவிட்டோம், ஒருத்தி தலை குனிந்து நின்றாள் என்று அப்போதுதான் உறைத்தது.

"சிரிச்சது போதும், போய்ப் பழத்தைத் தின்னு!" என்று குரங்கை அதட்டியது யார் என்கிறீர்கள்? வேலாயிதான்.

கரியாத்தா சவ்வாதைப் பார்த்தது. "ஏன்டா, இப்படிப் பண்ணிட்டியே!"

சவ்வாது வாலைச் சுருட்டிக்கொண்டு சொன்னது: "மினுக்கும்னு சொன்னேன். மினுக்குச்சா இல்லையா? பிடிப்புக்குத் தாங்கும்னு நான் எப்பக்கா சொன்னேன்?"

கரியாத்தா ஆசைப்பட்டதும் மினுக்குக்குத்தான். சவ்வாது அதற்குள் இலைக்குள் மறைந்துவிட்டது.

கூட்டம் கலைந்தது. கரியாத்தா தயங்கித் தயங்கி வேலாயியின் பக்கத்தில் போய் நின்றது.

"அக்கா, அன்னிக்கு உன்னை அந்தப் பேர் சொல்லி முதல்ல கூப்பிட்டது நான்தான்."

"தெரியும்" என்றது வேலாயி. "ஒரு வருஷமா விடியறதுக்கு முன்னாடியே போய்க் குளிக்கறேன். யாரும் பாக்கக் கூடாதுன்னு."

கரியாத்தாவுக்கு அது இப்போதுதான் தெரிந்தது. மன்னிப்பு என்ற சொல்கூடச் சின்னதாகத் தெரிந்தது. அது கால் விரலால் மணலைக் கிளறிக்கொண்டு நின்றது. வேலாயியும் 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை. "திரும்பு, முதுகைக் காட்டு" என்றது.

பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியது. "மருந்து மாயம் ஒண்ணும் என்கிட்ட இல்லை. பூந்திக்கொட்டை மரத்தடியில தேங்கின நுரைத் தண்ணியில தேய்ச்சு முதல்ல இந்தப் பிசினைக் கழுவு. அவசரப்பட்டுப் பிடுங்காதே, இருக்கறதும் போயிடும். தினமும் குளி. ஈரத்தோட படுக்காதே. சிக்கு இருந்தா நுனியில ஆரம்பிச்சு மெல்ல மேல வா. நீ எப்பவும் அடியிலேருந்து இழுக்கறே, நான் பாத்திருக்கேன்."

"சாப்பாடு?"

"கறையான், கிழங்கு, பழம், எல்லாம் தின்னு. தேன் மட்டும் தின்னா வயிறு நிறையும், முடிக்குப் போகாது. அப்புறம் தூங்கு. அவ்வளவுதான்."

"எத்தனை நாள்ல வளரும்கா?"

"அது வளர்றப்ப வளரும். நீ நாளை எண்ணாதே, ஒருநாளும் விடாதே."

"அதுவரைக்கும் குண்டுமணி?"

வேலாயி குனிந்து முதுகைக் காட்டியது. "ஏறுடி குட்டி."

குண்டுமணி அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. கரியாத்தா தலையை ஆட்டியது. குட்டி ஏறி, வேலாயியின் தோள் முடியை இழுத்துப் பார்த்தது. வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தது. அப்போதும் வரவில்லை. "கெட்டியா இருக்கும்மா!" என்று கத்தியது. சந்தோஷமாகத்தான் கத்தியது. கரியாத்தாவுக்குத்தான் அது குத்தியது.

அந்த மழைக்காலம் முழுக்க வேலாயி முன்னால் போகும், அதன் முதுகில் குண்டுமணி போகும், பின்னால் கரியாத்தா போகும். காட்டில் பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள்: "என்ன கரியாத்தா, உன் குட்டி அவ முதுகுல?" ஒவ்வொரு தடவையும் கரியாத்தா நின்று, "என் முடி பிடிப்புக்கு ஆகாது" என்று உள்ளதைச் சொல்லிவிட்டுத்தான் நடந்தது. ஒவ்வொரு தடவையும் நாக்கு கூசியது. ஆனாலும் மழையானாலும் அலுப்பானாலும் குளிப்பதை விடவில்லை, உலர்த்துவதை விடவில்லை, சிக்கு எடுப்பதை விடவில்லை. வேலாயி இருட்டோடு குளிக்கப் போவதையும் நிறுத்தியது. இரண்டு பேரும் வெயில் வந்த பிறகு, எல்லாரும் பார்க்க, ஓடையில் இறங்கினார்கள்.

ஐப்பசியில் தோளில் பூனைமுடி கிளம்பியது. தையில் விரல் நீளம். பங்குனி முடிவதற்குள் கரியாத்தாவின் முதுகு பழையபடி கருகருவென்று அடர்ந்துவிட்டது. தானே இழுத்துப் பார்த்தது. ஒரு முடி வரவில்லை. கரியாத்தா மூச்சிரைக்க ஓடிப்போய் மகளின் முன்னால் குனிந்தது.

"குண்டுமணி! வாடி, ஏறு! இழுத்துப் பாரு, எவ்வளவு கெட்டி!"

குண்டுமணி சிரித்தது. அதன் தோள் இப்போது கரியாத்தாவின் இடுப்புக்கு மேலே வந்திருந்தது. இரண்டு மாதமாக அது யார் முதுகிலும் ஏறுவதில்லை. தன் காலால்தான் நடந்தது.

"நான் ஏறினா உன் முதுகு ஒடிஞ்சுடும்மா" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் முதுகை ஒருதரம் தடவிக்கொடுத்துவிட்டு, கறையான் புற்றைத் தேடிப் போய்விட்டது.

கரியாத்தா குனிந்தபடியே கொஞ்ச நேரம் நின்றது.

நாள்தோறும் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டு, குறையை மினுக்கால் மறைப்பவர், கடைசியில் தம்மை நம்பிப் பிடித்திருப்பவரையே கைவிட்டுவிடுவார்.